கல்வி உதவித்தொகைத் திட்டங்கள்: எது கைக்கு வருகிறது, எது காகிதத்திலேயே நிற்கிறது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அரசு கொடுக்கும் உதவித்தொகைகளில் எது பெரிய தொகை என்று பார்த்துத் தேடாதீர்கள். எந்தத் திட்டம் கம்மியாகக் காகிதம் கேட்கிறதோ அதுதான் உருப்படியாக வீடு வந்து சேர்கிறது. சொந்தத்திலும் எங்கள் தெருவிலும் உள்ள பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருஷமும் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற ஆள் என்ற முறையில், கவுன்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவனாக எழுதுகிறேன். கொள்கை விளக்கக் குறிப்புகளில் எல்லாமே பிரமாதமாகத்தான் இருக்கும்.

இருப்பதிலேயே நல்ல சேவைக்கு மார்க் போடச் சொன்னால் யோசிக்காமல் புதுமைப்பெண் திட்டத்துக்குப் போடுவேன். 2022 செப்டம்பர் 5ஆம் தேதி தொடங்கியது. அதற்கு முன்னால் இதே மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்தது திருமண உதவித் திட்டம். தாலிக்குத் தங்கம் கொடுத்துக்கொண்டிருந்த பணத்தைப் படிப்புக்குத் திருப்பியது நல்ல முடிவு, அப்போது அதைக் குறை சொன்னவர்களும் நிறையப் பேர் இருந்தார்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய், படிப்பு முடியும் வரை. அப்புறம் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது, தொகை அதேதான்.

இதில் என்ன விசேஷம் என்றால் வருமானச் சான்று இல்லை, சாதிச் சான்று அடிப்படையும் இல்லை. நீ எந்தப் பள்ளியில் படித்தாய் என்ற ஒரே கேள்விதான். அதற்கான பதில் ஏற்கெனவே பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் பதிவில் கிடக்கிறது, யாரிடமும் போய்க் கையெழுத்துக்கு நிற்க வேண்டியதில்லை. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம். மாதாமாதம் வருவதால் பஸ் செலவுக்கும் ஜெராக்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் அது உண்மையிலேயே பயன்படுகிறது. 1,000 ரூபாய் என்ன பெரிய காசு என்று கேட்பவர்கள், அந்தப் பணத்துக்காக வாரக் கடைசியில் ஜவுளிக்கடையில் நிற்கிற பிள்ளைகளிடம் கேட்டுப் பார்க்கலாம்.

இனி பெரிய திட்டத்துக்கு வருவோம். எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, அதாவது பத்தாம் வகுப்புக்கு மேலே படிப்பவர்களுக்கு. 1944இல், வெள்ளைக்காரன் காலத்திலேயே தொடங்கியது. இந்த நாட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசல் மிதித்த லட்சக்கணக்கான பேரின் படிப்புக்குப் பின்னால் இது இருக்கிறது. ஆகவே திட்டத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு, குறை எல்லாம் அதை நடத்துகிற விதத்தில்தான். இதில் இன்னொரு நல்ல விஷயம், ஒதுக்கீடு என்று எண்ணிக்கை வைத்து வெட்டுவதில்லை. தகுதி இருக்கிற எல்லோருக்கும் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கட்டாயமாகக் கட்ட வேண்டிய கல்லூரிக் கட்டணங்களோடு படிப்புச் செலவுக்கும் தனியாக ஒரு தொகை உண்டு. எஸ்சி திட்டத்துக்கு 2021இல் மாற்றிய விதிகளின்படி, பொறியியல், மருத்துவம் போன்ற முதல் பிரிவுப் படிப்புகளில் விடுதியில் தங்குபவருக்கு ஆண்டுக்கு 13,500, வீட்டிலிருந்து போய் வருபவருக்கு 7,000. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கு 4,000, 2,500.

பிரச்சினை எங்கே ஆரம்பிக்கிறது என்றால் பணம் வரும் காலத்தில். எஸ்சி திட்டத்தில் மத்திய அரசு 60 சதவீதம், மாநில அரசு 40 சதவீதம் என்று பங்கு. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை இதை முடிவு செய்தது. அதற்கு முந்தைய ஏற்பாட்டில் பெரும் சுமை மாநிலங்கள் தலையில் இருந்ததால் இது முன்னேற்றம் என்றே சொல்ல வேண்டும். ஆனால் மாநிலம் தன் பங்கைப் போட்ட பிறகுதான் மத்தியப் பங்கு வரும். இரண்டும் மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராக வரும், வந்த 7 நாட்களுக்குள் மாணவர் அதைக் கல்லூரிக்குக் கட்ட வேண்டும் என்பது விதி. படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. கல்லூரி மட்டும் அந்தப் பணம் வரும் வரை காத்திருக்க வேண்டுமே! ஜூலையில் கட்டணம் கேட்பார்கள், பணம் வரும்போது அந்தக் கல்வியாண்டின் கடைசி ஆகியிருக்கும், சில சமயம் அடுத்த ஆண்டே பிறந்திருக்கும். சேர்க்கையின்போது எஸ்சி, எஸ்டி மாணவரிடம் உதவித்தொகையில் வரவேண்டிய கட்டணத்தை முன்கூட்டியே கேட்கக் கூடாது என்பதுதான் திட்டத்தின் நோக்கம். ஆனாலும் பல தனியார் கல்லூரிகளில் "இப்போ கட்டுங்க, ஸ்காலர்ஷிப் வந்ததும் நீங்களே வெச்சுக்குங்க" என்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். அந்த முதல் பணத்தை அப்பா அம்மா எங்கே புரட்டுவார்கள்? வட்டிக்குத்தான். உதவித்தொகையில் ஒரு பகுதி அந்த வட்டிக்காரருக்குப் போகிறது என்பதை எந்த அறிக்கையிலும் எழுத மாட்டார்கள்.

வருமான வரம்பு பற்றி ஒரு வார்த்தை, இல்லை, நாலு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். போஸ்ட் மெட்ரிக்குக்கு பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மாதக் கணக்கில் போட்டால் 20,800 சொச்சம். கொத்தனார் வேலைக்குப் போகிற அப்பா நாளுக்கு 700 வீதம் மாதம் 25 நாள் வேலை பார்த்தால் 17,500. அம்மா வீட்டு வேலைக்குப் போய் 7,000 சம்பாதித்தால் கூட்டுத்தொகை 24,500, ஆண்டுக்கு 2.94 லட்சம். அவ்வளவுதான், வரம்பைத் தாண்டிவிட்டார்கள், பணக்காரர்கள் ஆகிவிட்டார்கள். நடைமுறையில் வருமானச் சான்றில் என்ன எழுதப்படுகிறது என்பது ஊருக்கே தெரியும், அதாவது நேர்மையாகச் சொல்பவர் மட்டும் மாட்டிக்கொள்வார். இதே நாட்டில் பொருளாதாரத்தில் நலிந்த பொதுப் பிரிவினர் என்று 2019இல் கொண்டுவந்த இடஒதுக்கீட்டுக்கு வரம்பு 8 லட்சம். எஸ்சி மாணவர்களுக்கான டாப் கிளாஸ் உதவித்தொகைக்கும் 8 லட்சம்தான், ஆனால் அது ஐஐடி, ஐஐஎம் மாதிரிப் பட்டியலில் உள்ள நிறுவனங்களில் இடம் கிடைத்தவர்களுக்கு. உள்ளூர் கலைக் கல்லூரியில் பி.காம் படிக்கிற பிள்ளைக்கு மட்டும் ஏன் ஏழ்மை இவ்வளவு கீழே இறங்கி நிற்க வேண்டும் என்று புரியவில்லை.

சான்றிதழ்கள். இ-சேவை மையத்தில் ஒரு சான்றுக்கு 60 ரூபாய், முதல்முறை என்றால் கேன் எண் (விண்ணப்பதாரருக்கான பதிவு எண்) போட வேண்டும், அப்புறம் விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாலுகா அலுவலகம் என்று ஆன்லைனில் நகரும். பழைய காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய வசதி, மறுக்கவே முடியாது. இப்போதெல்லாம் போனிலேயே எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். ஆனால் "விஏஓவைப் போய்ப் பாருங்க" என்ற வசனம் மட்டும் ஆன்லைன் ஆகவில்லை. ஜூன், ஜூலை நெரிசலில் போகாமல் ஏப்ரல், மே மாதத்திலேயே வருமானச் சான்றை வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம்.

பழங்குடியினர் கதை வேறு. எஸ்சி, பிசி சாதிச் சான்றை தாசில்தார் மட்டத்திலேயே முடித்துவிடலாம், எஸ்டி சான்றுக்கு கோட்டாட்சியர் வரைக்கும் போக வேண்டும். விசாரணை, அப்பா சான்று, தாத்தா சான்று, சொந்தக்காரர் சான்று என்று இழுக்கும். இருளர், காட்டுநாயக்கன் போன்ற சமூகங்களில் தலைமுறையாக யாரிடமும் காகிதமே இருந்ததில்லை, முதல் காகிதத்துக்கு முந்தைய காகிதத்தைக் கேட்டால் எங்கே போவார்கள்? சான்று கைக்கு வருவதற்குள் விண்ணப்பத்தின் கடைசித் தேதி போய்விடும், அந்த வருஷத்தோடு சில பிள்ளைகள் படிப்பையே விட்டுவிடுகிறார்கள். உதவித்தொகைத் துறைக்குக் கணக்கில் "விண்ணப்பிக்கவில்லை" என்று மட்டும் வரும்.

கிறித்தவ ஆதிதிராவிடர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல். 1950 ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டும்தான் பட்டியல் சாதி. ஆகவே மத்திய அரசின் எஸ்சி உதவித்தொகை கிடையாது, தமிழ்நாட்டில் பிசி பட்டியலில் வைத்திருக்கிறார்கள். மாநில அரசு தன் சொந்தச் செலவில் இவர்களுக்கும் கல்வி உதவித்தொகை தருகிறது, அது பாராட்ட வேண்டியது. ஆனால் விண்ணப்பம் போடும்போது எந்தப் பெட்டியில் டிக் அடிப்பது என்று கல்லூரி அலுவலகத்திலேயே குழம்புகிறார்கள். விண்ணப்பிக்கும் முன் சாதிச் சான்றில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

இப்போது வலைதளம். மத்தியத் திட்டங்களுக்கு தேசிய உதவித்தொகை வலைதளம், சுருக்கமாக என்எஸ்பி, 2015இலிருந்து இருக்கிறது. மாநில அரசு வழியாக வரும் கல்லூரி உதவித்தொகைகளுக்கு யூமிஸ் என்ற மாநிலத் தளம். என்எஸ்பியில் இப்போது ஓடிஆர் என்று ஒரு முறை பதிவு செய்தால் படிப்பு முழுக்க அதே எண், ஆதாரோடு முகத்தையும் செல்போனில் காட்டிச் சரிபார்க்க வேண்டும். வருஷா வருஷம் புதிதாகப் பதிவு போடுகிற வேலை மிச்சம். முகம் காட்டுகிற பகுதிதான் தொல்லை. பத்தாயிரம் ரூபாய்க்குக் கீழே வாங்கிய போனில் அந்தச் செயலி படுத்தும் பாடு இருக்கிறதே, வெயிலில் நில், நிழலில் நில், கண்ணை மூடித் திற என்று பிள்ளைகள் தெருவில் நடனம் ஆடுகிறார்கள்.

அதைவிடப் பெரிய தலைவலி இனிஷியல். இது முழுக்க முழுக்க நம் ஊர்ப் பிரச்சினை, டெல்லியில் உட்கார்ந்து மென்பொருள் எழுதுபவருக்குக் கனவில்கூட வராது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் "செல்வி மு", ஆதாரில் "செல்வி", வங்கிப் புத்தகத்தில் "மு. செல்வி", பான் அட்டை எடுத்திருந்தால் அதில் "செல்வி முருகன்". நாலும் ஒரே பெண். கணினிக்கு நாலு பேர். தமிழில் எழுதிய பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் ஒரு 'ஐ' போட்டும் இன்னொருவர் இரண்டு 'இ' போட்டும் எழுதியிருப்பார், அது தனிக் கதை. பெயர் பொருந்தவில்லை என்றால் விண்ணப்பம் குறைபாடு என்று திரும்பும், அதைத் திருத்தக் கொடுக்கிற கால அவகாசம் குறைவு, குறுஞ்செய்தி போவது விண்ணப்பத்தில் கொடுத்த எண்ணுக்கு, அது பெரும்பாலும் அப்பாவின் எண், அவர் ரீசார்ஜ் போட்டிருக்க மாட்டார். பத்தாம் வகுப்பு முடிவதற்குள் ஆதாரை மதிப்பெண் பட்டியலுக்குப் பொருத்தமாகத் திருத்திவிடுங்கள். பள்ளிகள் இதை ஒரு முகாம் போட்டு முடித்துக் கொடுத்தால் பாதி விண்ணப்பம் தானாகப் பிழைக்கும்.

வங்கிக் கணக்கில் எல்லோரும் சறுக்கும் ஓர் இடம் உண்டு. "ஆதார் லிங்க் பண்ணியாச்சு சார்" என்பார்கள். வங்கியில் ஆதார் நகலைக் கொடுத்து இணைப்பது ஒன்று, நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காக என்பிசிஐ (வங்கிகளுக்கிடையே பணம் அனுப்புவதை நடத்தும் தேசிய நிறுவனம்) பட்டியலில் அந்தக் கணக்கைச் சேர்ப்பது வேறொன்று. அரசுப் பணம் வருவது இரண்டாவதில் உள்ள கணக்குக்குத்தான், விண்ணப்பத்தில் எந்தக் கணக்கு எண்ணைக் கொடுத்திருந்தாலும் சரி. ஒருவருக்குப் பல கணக்கு இருந்தால் கடைசியாக எதைச் சேர்த்தார்களோ அதற்குப் போகும். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்குப் பணம் அனுப்பியாயிற்று என்று காட்டியது, அவளுடைய பாஸ்புக்கில் ஒன்றும் இல்லை. கடைசியில் பார்த்தால் பள்ளியில் எப்போதோ யாரோ திறந்து கொடுத்த ஒரு கணக்கில் போய் உட்கார்ந்திருந்தது, அந்த வங்கிக் கிளையில் கணக்கு செயல்படாத நிலைக்குப் போய்விட்டது என்று சொல்லி அதை எழுப்பவே தனியாக அலைய விட்டார்கள். மை ஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலை என்று பார்த்தால் எந்த வங்கி என்று ஒரு நிமிஷத்தில் தெரியும். விண்ணப்பம் போடும் முன் இதைப் பார்க்காமல் எதையும் தொடாதீர்கள். பக்கத்தில் வங்கி இல்லாத ஊர் என்றால் தபால்காரரிடமே இந்திய அஞ்சலக வங்கிக் கணக்கு திறந்துகொள்ளலாம், அந்தச் சேவை நன்றாகவே இருக்கிறது.

சிறுபான்மையினர் திட்டங்கள். இங்கே எனக்கு நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்த சச்சார் குழு 2006இல் அறிக்கை கொடுத்த பிறகு, முஸ்லிம், கிறித்தவர், சீக்கியர், பௌத்தர், பார்சி பிள்ளைகளுக்கென்று வந்தவை இவை, 2014இல் சமணர்களும் சேர்ந்தார்கள். பெண்களுக்கு 30 சதவீதம் ஒதுக்கினார்கள். நோக்கம் நல்லது. தொகை ஆரம்பத்திலேயே சின்னது. ஒன்று முதல் பத்தாம் வகுப்பு வரை வீட்டிலிருந்து போய்வரும் பிள்ளைக்குப் பராமரிப்புத் தொகை மாதம் 100 ரூபாய். போஸ்ட் மெட்ரிக்கில் சாதாரண பட்டப்படிப்புக்குக் கல்விக் கட்டணம் என்று ஆண்டுக்கு அதிகபட்சம் 3,000. இந்தக் காலத்தில் 3,000 ரூபாயில் எந்தத் தனியார் கல்லூரி தேர்வுக் கட்டணம் தாண்டிப் பேசும்? அதோடு இது எஸ்சி திட்டம் மாதிரி தகுதி உள்ள எல்லோருக்கும் கிடைத்ததில்லை. மாநிலவாரியாக, சமூகவாரியாக எண்ணிக்கை வைத்து நிறுத்திவிடுவார்கள். எல்லாக் காகிதமும் சரியாக இருந்தும் கிடைக்காமல் போனது உண்டு, ஏன் என்று யாரும் சொன்னதில்லை.

2022 நவம்பரில் ப்ரீ மெட்ரிக்கில், அதாவது பத்தாம் வகுப்பு வரைக்கான உதவித்தொகையில், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரைக்கானதை எடுத்துவிட்டார்கள். கட்டாயக் கல்விச் சட்டம் இருக்கிறதே, எட்டு வரை இலவசம்தானே என்பது காரணம். பள்ளிக் கட்டணம் இலவசம், செருப்பும் நோட்டும் பஸ்ஸும் இலவசமா என்று கேட்க ஆள் இல்லை. ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் ஃபெலோஷிப்பும் வெளிநாட்டுப் படிப்புக் கடனுக்கு வட்டி மானியம் தந்த திட்டமும் அதே சமயத்தில் போயின. 2024 பிப்ரவரியில் பேகம் ஹஸ்ரத் மஹல் பெயரில் பெண் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்துவந்த மௌலானா ஆசாத் கல்வி அறக்கட்டளையையே மூடச் சொல்லி உத்தரவு வந்தது.

மோசடி நடந்ததும் உண்மை. 1,572 நிறுவனங்களை ஆய்வு செய்ததில் 830 போலி அல்லது செயல்படாதவை என்று அமைச்சகமே கண்டுபிடித்து, சுமார் 144 கோடி இழப்பு என்று 2023இல் சிபிஐயிடம் கொடுத்தது. திருடனைப் பிடிக்கட்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அதன் பிறகு வந்த கட்டுப்பாடுகள் யாரைக் கடிக்கின்றன என்பதுதான் என் கேள்வி. கைரேகை, முகம், கல்லூரிப் பொறுப்பாளர் சரிபார்ப்பு, மாவட்டச் சரிபார்ப்பு எல்லாம் உண்மையான மாணவரின் தலையில்தான் விடிகின்றன. கல்லூரிப் பொறுப்பாளர் பொத்தானை அழுத்த மறந்தால் விண்ணப்பம் அங்கேயே செத்துவிடும், அதற்கு மாணவர் ஒன்றும் செய்ய முடியாது. விண்ணப்பம் போட்டதும் விட்டுவிடாமல் வாரம் ஒருமுறை அலுவலகத்தில் போய் "சார், என்னுது வெரிஃபை ஆச்சா?" என்று கேட்கிற பிள்ளைக்குத்தான் பணம் வருகிறது, கூச்சப்படுகிறவனுக்கு வருவதில்லை.

பள்ளி மட்டத்தில் நான் தைரியமாகப் பரிந்துரைப்பது என்எம்எம்எஸ், அதாவது தேர்வு எழுதி வாங்கும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் உதவித்தொகை. எட்டாம் வகுப்பில் அரசு, அரசு உதவிபெறும், உள்ளாட்சிப் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம். மனத்திறன் 90 கேள்வி, பாடம் 90 கேள்வி. தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000. வருமான வரம்பு 3.5 லட்சம், மேலே சொன்ன கொத்தனார் குடும்பம் இதில் வந்துவிடும். நாடு முழுக்க ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர், தமிழ்நாட்டுக்கு 6,695 இடம். நல்ல ஆசிரியர் ஒருவர் இருக்கிற அரசுப் பள்ளியில் வரிசையாகத் தேர்வாகிறார்கள், அக்கறை இல்லாத பள்ளியில் விண்ணப்பமே வாங்கித் தருவதில்லை. ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும், பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் வேண்டும், எஸ்சி, எஸ்டிக்கு 5 சதவீதம் தளர்வு. புதுப்பிக்க மறந்து இரண்டாம் வருஷமே விட்டவர்களை நிறையப் பார்க்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு கிராமப்புற மாணவர்களுக்கான ஊரகத் திறனாய்வுத் தேர்வும் இருக்கிறது. ஆண்டுக்கு 1,000 ரூபாய். மாதத்துக்கு இல்லை, ஆண்டுக்கு. தேர்வுப் பயிற்சி என்று எழுத வைக்கலாம், பணத்துக்காக வேண்டாம்.

கடைசியாக, பலருக்குத் தெரியாத ஒன்று. துப்புரவு, தோல் பதனிடுதல், குப்பை பொறுக்குதல் போன்ற வேலைகளைச் செய்பவர்களின் பிள்ளைகளுக்கான ப்ரீ மெட்ரிக் உதவித்தொகை. வருமான வரம்பு கிடையாது, எந்தச் சாதியாக இருந்தாலும் எந்த மதமாக இருந்தாலும் சரி. வீட்டிலிருந்து படிப்பவருக்கு ஆண்டுக்கு 3,500, விடுதியில் இருப்பவருக்கு 8,000. ஆனால் பெற்றோர் இந்த வேலைதான் செய்கிறார் என்று சான்று வாங்கிப் பள்ளியில் கொடுக்க வேண்டும், வகுப்பறைக்குள் வந்து "யார் யாருக்கு?" என்று கேட்டால் எந்தப் பிள்ளை கையைத் தூக்கும்? தலைமையாசிரியரை மாலையில் தனியாகப் பார்த்துப் பேசுங்கள். அவர் தெரியாது என்றால் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேளுங்கள், விண்ணப்பம் அங்கே இருக்கிறது.